வரிசையில் ஏழாவது இடம்

அவன் ஐந்து மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பைச் சிறிதாக வைத்தான். பால் காய்வதற்குள் குளித்துவிட முடியும். பதினொரு மாதமாக அப்படித்தான். வேலை நாள், விடுமுறை நாள் என்ற வித்தியாசம் இல்லை.

குளியலறை மூலையில் தண்ணீர் வடிகிற துளைக்குள், கடைசிச் செம்புத் தண்ணீர் இறங்கி முடியும்போது ஒரு சத்தம் வரும். சேற்றில் புதைந்த காலை இழுத்து எடுக்கிற சத்தம். வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. குழாய்க்காரரைக் கூட்டிவந்து காட்டினான். அவர் குனிந்து கேட்டுவிட்டு, “காத்து சார், ஒண்ணுமில்ல” என்று சொல்லிப் போய்விட்டார். தினமும் ஒரு தடவை. பழகிவிட்டது.

இன்று இரண்டு தடவை கேட்டது. முதலில் ஒரு கால். சற்றுப் பொறுத்து இன்னொரு கால்.

துண்டைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வெளியே வந்தபோது பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.

“அடுப்புக்கே பூராத்தையும் ஊட்டிட்டீங்களா அத்தான்? நமக்கு ஏதாவது மிச்சம் இருக்கா?”

மனைவியின் தங்கை ஹாலில் உட்கார்ந்து புது ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மாலைப் பஸ்ஸில் வந்தவள். கண்ணாடிக் கடையில் வேலை. மற்றவர்கள் மூக்கில் கண்ணாடியைப் பொருத்திச் சரிபார்த்துப் பழகியதால் யாரையும் முகத்துக்கு நேராக உற்றுப் பார்ப்பாள். அவன் மிச்சப் பாலில் காப்பி கலந்தான். குடித்தார்கள். பூட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

பஸ் டிப்போவைத் தாண்டினார்கள். அதன் பிறகு ஸ்கூட்டரின் பின்னாலிருந்து கேட்டாள்.

“அக்கா கடைசியா என்ன சொன்னா?”

“சொன்னேனே.”

“அப்பாகிட்ட சொன்னீங்க. போலீஸ்ல சொன்னீங்க. எங்கிட்ட சொல்லல.”

“தண்ணி குடிச்சிட்டு வரேன்னு சொன்னா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

சிக்னலில் நின்றார்கள். எதிரே ஒரு தண்ணீர் லாரி பின்வாங்கிக்கொண்டிருந்தது.

“கோவிச்சுக்கிட்டு ரூமுக்குள்ள போனாக்கூட எட்டு வார்த்தை சொல்லிட்டுதான் கதவைச் சாத்துவா. தண்ணி குடிக்கப் போறதுக்கு உங்ககிட்ட பெர்மிஷன் கேட்டாளாக்கும்.”

சிக்னல் விழுந்தது.

ஊர் முடிகிற இடத்தில், கிடங்குகளுக்குப் பின்னால் இருந்தது அந்தச் சதுப்புநிலம். பறவைகளுக்காக ஒதுக்கப்பட்டது என்று வாசலில் ஒரு பலகை சொன்னது. பலகையில் வரைந்திருந்த நாரையின் கழுத்து வெயிலில் வெளுத்து, உடம்பும் அலகும் மட்டும் தனித்தனியாக நின்றன. நிஜ நாரைகள் வந்து மூன்று வருடம் ஆகிறது. தண்ணீர் முழுக்க ஆகாயத்தாமரை மூடிவிட்டது. பதினைந்து நாளில் இரண்டு மடங்காகிற செடி. அதைத் தொண்டர்கள் ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் பிடுங்கினார்கள். ஆரம்பத்தில் முப்பது பேர் வந்தார்கள். கணக்கு தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். இப்போது ஏழு பேர், இவளோடு எட்டு.

கரையில் எல்லோரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கைபேசிகளை ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டு, ஆளுக்கொரு மூங்கில் கழி எடுத்துக்கொண்டார்கள். பனி இன்னும் விலகவில்லை.

“பல்லைப் பிடுங்கினா மறுபடி முளைக்காது பாப்பா. அதுதான் என் தொழில்ல உள்ள ஒரே நிம்மதி” என்றார் பல் டாக்டர். “இங்க அந்த நிம்மதியும் கிடையாது.”

“அப்புறம் ஏன் வர்றீங்க?”

“வீட்டுல இருந்தா ஒட்டடை அடிக்கச் சொல்றாங்க.”

பேக்கரிக்காரர் மட்டும் சத்தமாகச் சிரித்தார். வரிசையை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற சர்வேயர். அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு முறையைச் சொன்னார்.

“நாணலுக்குள்ள போயிட்டா பக்கத்து ஆள் முகம்கூடத் தெரியாது. ஆளுக்குப் பத்தடி இடைவெளி விட்டு வரிசையா நடப்போம். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் விசில் அடிப்பேன். நான் ஒண்ணு. எனக்கப்புறம் அவங்கவங்க நம்பரை வரிசையாச் சொல்லணும். ஏதாவது நம்பர் வரலன்னா வரிசை நிக்கும். எல்லாரும் அந்த இடத்துக்குப் போவோம்.”

“எல்லா நம்பரும் வந்துட்டா?”

“எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். மேற்கொண்டு நடக்கலாம்.”

சொன்ன பிறகு அவர் அவனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“உனக்கு ஏழு.”

“ஏழு வேண்டாம் சார்” என்றான் அவன். “நான் அங்க நிக்கறேன். அவ ஆறுல நிக்கட்டும்.”

பதினொரு மாதமாக ஏழில் யாரும் நிற்கவில்லை. ஆறுக்குப் பிறகு எட்டு சொல்லி எண்ணி வந்தார்கள்.

“ஆறு பக்கம் நாணல் அடர்த்தி தம்பி, புது ஆளுக்கு ஆகாது. அன்னிக்கு நடந்தது மேற்கே இருக்கற பள்ளத்துல. அதைச் சுத்திக் கயிறு கட்டியாச்சு. நாம இன்னிக்குக் கிழக்கே போறோம். ஏழு போற வழி பூரா நேத்து நானே கழி விட்டுப் பார்த்தேன். முழங்காலுக்கு மேல ஆழம் கிடையாது.”

“அக்கா இடம்தானே அத்தான். நான் நிக்கறேன்.”

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்து ஸ்கூட்டரில் உட்காரவைத்திருக்கலாம். அவன் குனிந்து பூட்ஸின் மேல்பட்டையை இறுக்கிக்கொண்டான்.

இறங்கினார்கள்.

தலைக்கு மேல் இரண்டடி உயர்ந்து நின்ற நாணல், ஒவ்வோர் அடிக்கும் விலகி, அவன் கடந்ததும் பின்னால் மூடிக்கொண்டது. தண்ணீரில் அழுகிய இலையின் நாற்றமும், பனி ஏறிய பச்சைத்தண்டின் வாசனையும், எங்கோ கிடங்கிலிருந்து வரும் டீசல் புகையும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து, கடைசியில் எல்லாம் ஒரே ஈர வாசனையாகித் தொண்டையில் படிந்தன. ஆகாயத்தாமரையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால் கறுப்பு வேர்கள் தலைமயிர் போல நீளமாக, சொட்டச் சொட்ட வெளியே வந்தன. உருவிச் சுருட்டிப் பின்னால் மிதக்கிற வலைமேல் எறிய வேண்டும். மறுபடி குனிய வேண்டும். வலது பக்கம் மைத்துனி தண்ணீரை அளைகிற சத்தமும், புதியவர்களுக்கே உரிய அவசரமான மூச்சும், “ஐயே, வழவழன்னு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும் கேட்டன.

முதல் விசில்.

“ஒண்ணு.” சர்வேயர். இரண்டு, மூன்று. “நாலு!” பல் டாக்டர். “அஞ்சு.” நூலகத்தில் வேலை செய்யும் அம்மா, இங்கேயும் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்.

“ஆறு” என்றான் அவன்.

“ஏழு! சரியாச் சொன்னேனா?”

“எட்டு. ஒண்ணாங்கிளாஸ் பாஸ்” என்றார் கடைசியில் நின்ற பேக்கரிக்காரர்.

குட்டை விசில் ஒன்று. நடக்கலாம் என்று அர்த்தம். வரிசை நடந்தது.

அன்றைக்கும் இப்படித்தான் நடந்தது. யாராவது தண்ணீர் குடிக்கவோ ஒதுங்கவோ கரைக்குப் போனால், பக்கத்தில் இருப்பவர் அவர் எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிடுவது வழக்கம். சொல்லாவிட்டால் வரிசை முழுக்க நிற்கும், சர்வேயர் முனகுவார், வெயில் ஏறிவிடும். சேர்த்துச் சொல்லாதவர் அந்தக் குழுவில் ஒருவரும் இல்லை. அன்றைக்கு அவன் “ஆறு, ஏழு” என்று நான்கு தடவை சொன்னான். கரையேறித் தலைகளை எண்ணும்போதுதான் ஒருத்தி குறைந்தாள். மதியம் எடுத்தார்கள். சேற்றுக்குள் நின்றபடியே இருந்தாள். ஒரு கை மேலே நீண்டிருந்தது. விரல் நுனிக்கும் வெளிச்சத்துக்கும் இடையே ஒரு சாண்தான்.

அவள் தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொன்னாள் என்றான். திரும்பி வரும் வழியில் கால் தவறியிருக்கும் என்றார்கள். உன் தப்பு இல்லை என்று தோளைத் தொட்டார்கள். இனிமேல் அவரவர் எண்ணை அவரவர்தான் சொல்ல வேண்டும் என்று சர்வேயர் விதி போட்டார். இரண்டு மாதம் கடைப்பிடித்தார்கள். அப்புறம் பழையபடி.

அன்று காலை வீட்டில் சண்டை. “வாரத்துல ஒரே ஒரு நாள். அதையும் சேத்துக்கே குடுத்துடு” என்றாள். அவன்தான் பிடிவாதமாகக் கூட்டிவந்தான். வழியெல்லாம் பேசவில்லை. நாணலுக்குள் வந்த பிறகு அவள் கூப்பிட்டாள். அவளுக்குக் கூப்பிடுகிற வழக்கம் உண்டு. நத்தை முட்டையைக் காட்டக் கூப்பிடுவாள். ஒருமுறை பாம்பு என்று அலறி வரிசையையே நிறுத்தினாள். பார்த்தால் அறுந்த ரப்பர் குழாய். “புருஷனைப் பக்கத்துல வரவைக்க வேற வழி தெரியலையா?” என்று பேக்கரிக்காரர் ஒரு மாதம் கிண்டல் செய்தார்.

அதனால் அவன் போகவில்லை. கேட்டது. போகவில்லை.

இரண்டாவது விசில். ஐந்து வந்தது. அவன் ஆறு சொன்னான். “ஏழு.” மூச்சு வாங்கியது அவள் குரலில். எட்டு.

நடந்தார்கள். வெயில் வந்திருக்க வேண்டிய நேரம். பனி கலையாமல் மஞ்சளாக மட்டும் மாறி நாணலின் நுனிகளை மறைத்துக்கொண்டிருந்தது. பறவைச் சத்தம் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. நின்றுவிட்டிருந்தது. வலது பக்கத்தில் அளைகிற சத்தமும் இல்லை. நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டிருப்பாள். புது ஆட்கள் எல்லோரும் அப்படித்தான்.

மூன்றாவது விசில்.

“அஞ்சு.”

“ஆறு.”

“ஏழு.”

அவன் கையிலிருந்த கொத்து நழுவியது.

அக்கா, தங்கை இருவருக்கும் குரல் ஒன்றுபோல் இருக்கும். போனில் பேசினால் பெற்ற அப்பாவே பெயரை மாற்றிக் கூப்பிடுவார். ஆனால் இந்தக் குரலில் மூச்சு வாங்கவில்லை. அவசரம் இல்லை. நிற்கிற ஆளின் உயரத்திலிருந்தும் வரவில்லை. கீழேயிருந்து வந்தது. படுத்தபடி பக்கத்துத் தலையணைக்குச் சொல்வதுபோல.

“எட்டு.”

“நல்லா இருக்கியா?” என்று அவன் வலது பக்கம் பார்த்துக் கத்தினான்.

பதில் இல்லை. தண்ணீர்கூட அசையவில்லை.

“அதான் ஏழு சொல்லிடுச்சே” என்று தொலைவிலிருந்து பேக்கரிக்காரர் கத்தினார். “வேலையைப் பாருப்பா. மைத்துனின்னா மட்டும் அக்கறை பொத்துக்கிட்டு வருதா?”

யாரோ சிரித்தார்கள். குட்டை விசில். வரிசை நகர்ந்தது.

அவன் நகரவில்லை. நகர்ந்தான். இரண்டடி வைத்தான். எண் வந்துவிட்டது. எல்லா எண்ணும் வந்தால் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். குனிந்து ஒரு கொத்தைப் பிடித்தான். இழுத்தான். வேர் வந்தது. வேர் வந்துகொண்டே இருந்தது. முழம் முழமாக. விட்டுவிட்டான்.

பின்னால் ஒரு சத்தம். சேற்றிலிருந்து கால் எடுக்கிற சத்தம். ஒரு கால். சற்றுப் பொறுத்து இன்னொரு கால்.

திரும்பினான். நாணல்.

நான்காவது விசில் நேரத்துக்கு முன்பே அடித்ததுபோல் இருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

“ஆறு—”

“ஏழு.”

அவன் சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டது. ஒரே ஆள் சொன்னதுபோல, ஒரே மூச்சில். அப்படித்தான் சேர்த்துச் சொல்வார்கள். ஆள் அங்கே இல்லாதபோது.

“எட்டு.”

வரிசையை விட்டு விலகக் கூடாது என்பது விதி. அவன் விலகினான். கழியை முன்னால் ஊன்றி வலது பக்கம் நாணலைப் பிளந்து போனான். நாணலின் விளிம்பு கன்னத்தைக் கிழித்தது. பத்தடிதான். பத்தடிக்கு அப்புறமும் நாணல். இன்னும் பத்து. பெயர் சொல்லிக் கூப்பிட்டான். வாயில் வந்தது மனைவியின் பெயர். அதைத்தான் கத்தினான்.

தண்ணீர் முழங்காலில். தொடையில்.

நாணல் முடிந்தது. வட்டமான ஒரு வெளி. ஒரு செடி இல்லை. கறுப்பாக, வழவழப்பாக, மெழுகிவிட்ட தரைபோல.

நடுவில் அவள். மார்புவரை புதைந்து. இரண்டு கையும் மேலே.

வாய் திறந்தே இருந்தது. கத்திக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. அவன் வெளிக்குள் ஓரடி வைத்ததும் குரல் அவன்மேல் வந்து மோதியது.

“—ரெண்டு விசிலாக் கத்தறேன்! ரெண்டு விசிலா! யாருக்குமே கேக்கலையா?”

“அசையாத. கையை விரிச்சு வை.”

கழியை நீட்டினான். அவள் பிடித்தாள். இழுத்தான். அவள் வரவில்லை. அவன் இறங்கினான்.

இடுப்பு.

பூட்ஸுக்குள் சேறு நிறைந்தது. குளிர்ச்சியாக இல்லை. உடம்புச் சூடு.

“சார்!” என்று அலறினான். “டாக்டர்! நில்லுங்க! வரிசையை நிறுத்துங்க!”

நாணல் அப்படியே நின்றது. நுனிகூட ஆடவில்லை.

“அடுத்த விசில் அடிப்பாரு” என்றாள் அவள். “நம்ம ரெண்டு நம்பரும் வராது. வந்துடுவாங்க. வந்துடுவாங்க இல்ல அத்தான்?”

“வந்துடுவாங்க.”

காத்திருந்தார்கள். கழியின் இரண்டு முனையிலும் இருவர். பேசினால் இறங்குகிறது. மூச்சு விட்டால் இறங்குகிறது. அவளுக்குத் தோள். அவனுக்கு விலா எலும்பு.

ஐந்தாவது விசில்.

“ஒண்ணு.” தூரத்தில். தெளிவாக.

“ரெண்டு.”

“மூணு.”

“நாலு!”

“அஞ்சு.”

இடைவெளி. அவன் வாயைத் திறக்கவில்லை. அவளும் இல்லை. அவள் கண்கள் அவன்மேல் இருந்தன.

“ஆறு, ஏழு.”

வரிசையில் அவன் விட்டுவந்த இடத்திலிருந்து வந்தது. அவன் குரல். அலுத்த குரல். காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு, இன்னும் கோபம் தீராதவன் குரல்.

“எட்டு.”

“ஏழு எங்கப்பா?” சர்வேயர். “நீ ஏன் சேத்துச் சொல்ற?”

“தண்ணி குடிக்கப் போயிருக்கா சார்” என்றது அவன் குரல்.

“சரி சரி.”

குட்டை விசில்.

எட்டு பேர் நடக்கிற சத்தம். நாணல் விலகி, மூடி, விலகி, மூடி. தள்ளிப் போய்க்கொண்டே.

அவள் கழுத்துவரை போயிருந்தாள். தலையைப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்த்தபடி இருந்தாள். அழவில்லை.

“அது நீங்கதானே” என்றாள்.

“ஆமா.”

“அன்னிக்கும் அவளுக்கு இப்படித்தான் கேட்டுதா? இங்கேர்ந்து?”

“ஆமா.”

“தண்ணி குடிக்கப் போறேன்னு அவ சொல்லல.”

“இல்ல.”

சேறு அவள் காதை மூடியது. உதடுகள் மட்டும் அசைந்தன. என்ன சொன்னா, அத்தான். சத்தம் இல்லை. அவனுக்குப் புரிந்தது.

அன்றைக்கு மனைவி இரண்டு தடவை கூப்பிட்டாள். அவன் பேசாமல் பிடுங்கிக்கொண்டிருந்தான். விசில் அடித்தது. அவன் ஆறு சொன்னான். கொஞ்சம் பொறுத்து, அவளுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாக ஏழும் சொன்னான். வரிசை நகர்ந்தது. அதற்கப்புறம் ஒரு தடவை அவள் பேசினாள். கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவனிடம் பேசுகிற சாதாரணக் குரல்.

“கேக்குதுன்னு தெரியும். வா.”